வேகமா, வெறும் சத்தமா? ஒரு த்ராஷ் மெட்டல் முதல் ஆல்பத்தைக் கேட்கும் வழி

மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் கறுப்பு டி-ஷர்ட் அடுக்கைப் புரட்டினால், கூர்மையான எழுத்துகளில் மெட்டாலிகா என்ற அமெரிக்க இசைக்குழுவின் பெயர் அச்சடித்தது ஒன்றாவது கையில் சிக்கும். அதை அணிந்து திரியும் இளைஞர்களில் பலர் அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அதில் குற்றமில்லை, சட்டை சட்டைதான். ஆனால் அவர்களிடமோ, அவர்களுடைய பெற்றோரிடமோ அந்த இசை எப்படிப்பட்டது என்று கேட்டால் மூன்று பதில்கள்தான் வரும்: கத்துவார்கள், கண்மண் தெரியாத வேகத்தில் வாசிப்பார்கள், சாத்தானைப் பாடுவார்கள்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அவை இத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன. நான் இங்கே கிட்டார் கற்றுக்கொடுப்பவன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள். மீதிப்பேர் கல்லூரி விழாவுக்காக அவசரமாகக் கற்க வருபவர்கள். இரு சாராருக்கும், ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையிலிருந்து கிளைத்த த்ராஷ் மெட்டல் என்றால் வேகம்தான். அந்த எண்ணத்தோடு கிட்டாரைத் தொட்டால் கை வலிக்கும், இசை வராது. ஆகவே இந்த வகையின் தொடக்கப் புள்ளியாகப் பெரும்பாலோர் ஏற்கும் ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மெட்டாலிகா குழுவின் முதல் ஆல்பமான ‘கில் எம் ஆல்’ அது. 1983 ஜூலை 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 51 நிமிடம்.

கெட்டிமேளத்தில் தொடங்குவோம்

சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்த ஊரில் தவிலை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்துக் கெட்டிமேளத்தை மட்டும் வைத்துத் தவிலை எடைபோடுகிறவர், அது சத்தமும் வேகமும் நிறைந்த ஒரு வாத்தியம் என்றுதான் சொல்வார். அதே தவில்காரர் முதல் நாள் மாலையில் தனியாக வாசிப்பதைக் கேட்டவருக்குக் கதை வேறு.

பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுபவரின் கையைக் கவனியுங்கள். அது ஒரே நிதானத்தில் விழுந்துகொண்டிருக்கும். தவில்காரர் முதலில் ஒரு தட்டுக்கு ஒரு சொல் வாசிப்பார். அது முதல் காலம். பிறகு அதே தட்டுக்குள் இரண்டு சொல், இரண்டாம் காலம். பிறகு நான்கு, மூன்றாம் காலம். நம் காதுக்கு வாசிப்பு நான்கு மடங்கு வேகமாகிவிட்டது. தாளம் போடும் கையோ ஒரு நூல்கூட அவசரப்படவில்லை. மூன்றாம் காலத்திலிருந்து சட்டென்று முதல் காலத்துக்கு இறங்கும்போது மண்டபமே கனத்துப்போவதைப் போலிருக்கும். அப்போதும் தாளம் மாறியிருக்காது.

த்ராஷ் மெட்டலின் அடிப்படை இதுதான். அடியில் ஓடும் எண்ணிக்கை ஒன்று; அதன் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் எத்தனை அடி அடைக்கப்படுகிறது என்பது இன்னொன்று. முதலாவதை டெம்போ என்பார்கள்: ஒரு நிமிடத்தில் விழும் தட்டுகளின் எண்ணிக்கை. நிமிடத்துக்கு 180 தட்டு என்ற டெம்போவில், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நான்கு முறை தந்தியை மீட்டினால் நிமிடத்துக்கு 720 மீட்டல், அதாவது நொடிக்கு 12. கேட்பவர் 12ஐ உணர்கிறார். வாசிப்பவர் மனத்தில் எண்ணுவது மூன்றை மட்டுமே. 12ஐயும் எண்ண முயலும் மாணவர் நான்காவது நொடியில் தடுமாறிவிடுவார்.

கிட்டாரின் கரகரப்பு

இனி ஒலி. மின்கிட்டாரின் தந்தி அதிர்வை மின்சாரமாக மாற்றி, ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் தள்ளினால் அலையின் மேடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இந்த வெட்டுப்படலுக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். முதலில் அது ஒரு குறைபாடாகத்தான் கருதப்பட்டது. பிறகு கிட்டார்காரர்கள் அதை வேண்டுமென்றே உண்டாக்கத் தொடங்கினார்கள். நம் திரைப்பாடல்களில்கூடப் பல பத்தாண்டுகளாக அந்தக் கரகரப்பு உண்டு.

வெட்டுப்படுவதால் இரண்டு விளைவுகள். ஒன்று, மூல ஸ்வரத்தோடு புதிய மேல்ஸ்வரங்கள் முளைக்கின்றன, ஒலி தடிக்கிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. உச்சங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டப்படுவதால், மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும். தெரியாமல் விரல் பட்ட தந்தியும் முழங்கும். ஆகவே இங்கே வாசிப்பதைவிட, வேண்டாத தந்திகளை வாய்மூட வைப்பதே பெரிய வேலை. சத்தம் மிகுந்த இசை என்று பெயர் வாங்கிய ஒன்றைக் கற்கும்போது முதல் மாதம் முழுக்க நாம் பழகுவது நிசப்தத்தைத்தான். மாணவர்களுக்கு இது சுத்தமாகப் பிடிப்பதில்லை.

இன்னொரு விஷயம்: பவர் கார்டு. சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதே கார்டு. வழக்கமான கார்டு ஒன்றில் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் இருக்கும். பவர் கார்டில் காந்தாரம் கிடையாது. ‘ச’வும் ‘ப’வும் மட்டும். காரணம் எளியது. டிஸ்டார்ஷன் வழியே இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போகும்போது, அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு புது ஸ்வரமாகப் பிறக்கிறது. ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள விகிதம் 2:3. வித்தியாசம் 1, அதாவது அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. வாசிக்காத ஒரு கீழ்ச்சட்ஜம் தானாக வந்து அடியில் நிற்பதால்தான் பவர் கார்டு அவ்வளவு கனமாகக் கேட்கிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் இப்படிப் பிறக்கும் துணை ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசி ஒலி கலங்கிவிடும்.

இந்தக் கரகரப்பும் பவர் கார்டும் த்ராஷுக்கு முன்பிருந்த ஹெவி மெட்டலிலேயே உண்டு. அடுத்ததுதான் த்ராஷின் கையெழுத்து.

வலது கையின் ஓரம்

சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை, தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து சேரும் இடத்தில் லேசாக வையுங்கள். இப்போது மீட்டினால் தந்தி நீளமாக ஒலிக்காமல் ‘ஜுக்’ என்று மடியும். இதற்குப் பாம் மியூட் என்று பெயர். கை அரை விரல்கடை முன்னே நகர்ந்தால் ஒலி செத்துவிடும். பின்னே நகர்ந்தால் கட்டவிழ்ந்துவிடும். சரியான இடத்தில் வைத்து டிஸ்டார்ஷனோடு மீட்டினால், ஒவ்வொரு மீட்டலும் சுருதி உள்ள ஒரு ட்ரம் அடியாக மாறுகிறது.

மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இதில் பெயர் பெற்றவர். பாடுவதும் அவர்தான், ரிதம் கிட்டாரும் அவர்தான். அவர் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே மீட்டுவார். மேலும் கீழுமாக மீட்டினால் வேலை பாதி. ஆனால் மேல்நோக்கிய மீட்டல் சற்று மெலிந்து ஒலிக்கும். எல்லாம் கீழ்நோக்கியே விழுந்தால் ஒவ்வோர் அடியும் ஒரே எடையில் வரும். பங்க் இசையில் ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தை பாம் மியூட்டோடும் ஹெவி மெட்டலின் நுணுக்கத்தோடும் இணைத்ததுதான் புதிது.

இப்படி மியூட் செய்த அடிகளும், நடுநடுவே திறந்துவிட்ட பவர் கார்டுகளும் சேர்ந்து ஒரு சிறு கோவையாக அமையும். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கோவைதான் ரிஃப். திரைப்பாடலை மெட்டு தாங்குகிறது; த்ராஷ் பாடலை ரிஃப் தாங்குகிறது. நமக்கு இந்த இசை அந்நியமாகப் படுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். முணுமுணுக்க ஒரு மெட்டைத் தேடுகிறோம், அது குரலில் இல்லை. கிட்டாரில் தேடினால் ஒரே பாட்டில் நாலைந்து கிடைக்கும்.

‘கில் எம் ஆல்’ ஆல்பத்தின் ‘விப்லாஷ்’ என்ற பாடலின் முதல் அரை நிமிடத்தைக் கேளுங்கள். இதுவரை சொன்ன எல்லாம் அங்கே வரிசையாக வந்துவிடும்: கரகரப்பு, அடக்கிய தந்தி, மாறாத தட்டு, தட்டுக்குள் அடைத்த அடிகள். வேகம் இவற்றின் விளைவாக நம் காதில் உண்டாவது.

ட்ரம்ஸ் எங்கே அடிக்கிறது

சாதாரண ராக் இசையில் நான்கு தட்டுகளில் ஒன்றிலும் மூன்றிலும் காலால் அடிக்கும் பெரிய ட்ரம். இரண்டிலும் நான்கிலும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர். ஸ்னேர்தான் நம் காதில் ‘டப்’ என்று உறைப்பது. அதை வைத்தே மனம் வேகத்தைக் கணிக்கிறது. த்ராஷில் பெரும்பாலும் எல்லாத் தட்டிலும் பெரிய ட்ரம் விழும். இரு தட்டுகளுக்கு நடுவே ஸ்னேர் விழும். நான்கு தட்டுக்குள் இரண்டாக இருந்த ‘டப்’ இப்போது நான்கு. டெம்போவைத் தொடாமலே பாட்டு இரு மடங்கு ஓடுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கிட்டார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்க, ஸ்னேரை மட்டும் பாதியாகக் குறைத்தால் பாட்டு திடீரென்று கனத்து இறங்கும். இதை ஹாஃப்-டைம் என்பார்கள். கூட்டம் தலையை ஆட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘சீக் அண்ட் டெஸ்ட்ராய்’ நடுத்தர நடையில் போகும் பாட்டு. கிட்டார் தனி வரும் இடத்தில் வேகம் பிடித்து, மறுபடி பழைய நடைக்குத் திரும்பும். ‘ஃபேன்டம் லார்டு’ நடுவில் கரகரப்பே இல்லாத அமைதியான பகுதி ஒன்று இருக்கிறது. ஆல்பம் முழுக்க ஒரே ஓட்டம் என்று சொல்பவர் இவ்விரு பாடல்களையும் கேட்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ட்ரம்ஸ் வாசித்த லார்ஸ் உல்ரிக் டென்மார்க்கைச் சேர்ந்தவர். டென்னிஸ் குடும்பத்துப் பிள்ளை. மிகத் துல்லியமான ட்ரம்மர் என்று அவரை யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். எந்த ரிஃபுக்குப் பின் எந்த ரிஃப் வர வேண்டும் என்ற கணக்கில் அவர் கெட்டிக்காரர்; பாடல்களின் கட்டுமானத்தில் அவருடைய பங்கு பெரிது.

முதல் ஆல்பம் என்றால் என்ன

முதல் ஆல்பம் என்பதைக் குழுவின் முதல் ஒலிப்பதிவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. அதற்கு முன் பெரும்பாலும் டெமோ இருக்கும்: கடைக்கு வராத, ‘எங்களால் இது முடியும்’ என்று காட்டுவதற்காகப் பதிந்த கேசட். மெட்டாலிகாவின் முக்கியமான டெமோ 1982இல் பதிவானது, ஏழு பாடல்கள். ரசிகர்கள் அதை வீட்டிலேயே நகலெடுத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். பணம் வாங்குவதில்லை, பதிலுக்கு வேறொரு கேசட் வர வேண்டும், அவ்வளவுதான். குழுவுக்கு ஒப்பந்தம் கிடைப்பதற்கு முன்பே அதன் பாடல்கள் கடல் கடந்திருந்தன.

அப்படிச் சுற்றிய நகல் ஒன்று, நியூ ஜெர்சியில் ஒரு சந்தையில் இசைத்தட்டுக் கடை போட்டிருந்த ஜான் சசுலாவை எட்டியது. குழுவை அவர் கிழக்குக் கரைக்கு வரவழைத்தார். பெரிய நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததால், அவரும் மனைவி மார்ஷாவும் மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தாங்களே தொடங்கி வெளியிட்டார்கள். 1983 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஆல்பம் பதிவானது.

டெமோவின் ஏழு பாடல்களும் இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் பெயர் மாறி. பத்தில் ஏழு என்பது சிறிய விஷயமில்லை. ஒரு குழுவின் முதல் ஆல்பம் பெரும்பாலும் அது தொடங்கிய நாளிலிருந்து சேர்த்துவைத்த சரக்கு. மேடையில் பலமுறை வாசித்து, கூட்டம் எங்கே துள்ளுகிறது, எங்கே பேச்சில் இறங்குகிறது என்று பார்த்துச் செதுக்கிய பாட்டுகள். இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ரசிகர்கள் முதல் ஆல்பத்தைப் பற்றி உருகிப் பேசுவதில் பாதி பழைய நினைவின் மயக்கம் என்றால், மறுபாதி இந்தச் செதுக்கல்.

ஒலியின் கரடுமுரடும் இதே வழியில் வந்தது. பணம் குறைவு, நாட்கள் குறைவு. பல ஆண்டு கழித்துச் சிலர் அதை ஒரு கொள்கையைப் போலப் போற்றத் தொடங்கினார்கள். அப்போது அது வெறும் கையிருப்பின் அளவு. இன்னொரு த்ராஷ் குழுவான ஸ்லேயரின் முதல் ஆல்பத்துக்கு, அதன் பாடகர் டாம் அராயா மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சைப் பணியாளராக வேலை பார்த்துச் சேர்த்த பணமும் போனது. மெகாடெத் என்ற மற்றொரு குழுவின் முதல் ஆல்பத்துக்கு நிறுவனம் கொடுத்தது 8,000 டாலர். அதிலும் ஒரு பகுதி இசைக்குப் போகவில்லை.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. குழு முதலில் வைத்த பெயர் அச்சில் ஏற்ற முடியாத வசை, விநியோகஸ்தர்கள் மறுத்துவிட்டார்கள். கோபத்தில் பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன் அவர்களைப் பற்றிச் சொன்ன ‘எல்லாரையும் கொன்றுபோடு’ என்ற வார்த்தையே தலைப்பாயிற்று. அட்டையில் சுத்தியலையும் ரத்தத்தையும் பார்த்து அஞ்சுகிறவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

கத்தலும் சாத்தானும்

இதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. இந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்டு உறுமுவதில்லை. அடித்தொண்டை உறுமல் பின்னால் வந்த டெத் மெட்டலின் வழக்கம். இங்கே இருப்பது, ஆம்ப்ளிஃபயரோடு போட்டி போடும் ஒரு பத்தொன்பது வயது இளைஞனின் உச்சக்குரல். வரிகளில் பாதி, கச்சேரி மேடையும் கூட்டமும் தரும் கிளர்ச்சியைப் பற்றியவை. ‘ஜம்ப் இன் தி ஃபயர்’ பாடலில் சாத்தான் பேசுகிறான், உண்மை; நாடகத்தில் எமன் வேடம் கட்டியவர் பேசுவதைப் போன்றது அது. ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ பாடலின் நான்கு குதிரைவீரர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வந்தவர்கள். தேவாலயத்திலிருந்து வரும் என் மாணவர்கள் அதைக் கேட்டவுடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒரே பாட்டு, இரண்டு வேகம்

வேகம்தான் த்ராஷ் என்று இன்னும் நினைப்பவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. மெட்டாலிகாவின் தொடக்க கால முன்னணி கிட்டார்காரர் டேவ் மஸ்டேன். 1983 ஏப்ரலில், பதிவுக்குச் சில வாரங்களுக்கு முன், அவரை நீக்கிவிட்டு எக்ஸோடஸ் குழுவிலிருந்து கிர்க் ஹேமட்டை அழைத்துக்கொண்டார்கள். மஸ்டேன் பஸ்ஸில் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பி, மெகாடெத்தைத் தொடங்கினார். ஆல்பத்தின் நான்கு பாடல்களில் அவருடைய பெயரும் இயற்றியவர்கள் வரிசையில் இருக்கிறது.

அவர் கொண்டுவந்த ‘மெக்கானிக்ஸ்’ என்ற பாட்டு டெமோவில் இருந்தது. பெட்ரோல் பங்கை வைத்து எழுதிய இரட்டை அர்த்தப் பாட்டு. மெட்டாலிகா அதன் வரிகளை மாற்றி, வேகத்தைக் குறைத்து, நடுவில் மெதுவான ஒரு பகுதியைச் சேர்த்து ஏழு நிமிடத்துக்கு நீட்டியது. அதுதான் ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’. மஸ்டேன் சும்மா இருப்பாரா? 1985இல் வந்த மெகாடெத்தின் முதல் ஆல்பத்தில் அதே பாட்டைப் பழைய வரிகளோடும் பழைய பெயரோடும், கேட்பவருக்கு மூச்சு முட்டும் வேகத்தில் வாசித்தார். நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதலில் ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’, பிறகு ‘மெக்கானிக்ஸ்’ என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் கீழ்ஸ்தாயி வராது, பர்ட்டனின் பேஸ் முழுதும் காணாமல் போகும். குதிரை ஓட்டத்தின் நடையில் வரும் ரிஃப் இரண்டிலும் ஒன்றே. வேகமான வடிவத்தில் மியூட் அடிகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் கிட்டத்தட்ட மூடிக்கொள்கின்றன. பாட்டு பதற்றமாக, ஒல்லியாகப் பாய்கிறது. மெதுவான வடிவத்தில் அந்த இடைவெளிகள் திறந்திருப்பதால் ஒவ்வோர் அடியும் தனித்து விழுகிறது, கனம் கூடுகிறது. இரண்டுமே த்ராஷ். எனக்கு மெதுவானது பிடிக்கும்; என் மாணவர்கள் எல்லோருக்கும் மற்றது.

காது இதற்குப் பழகிய பிறகு, ‘கில் எம் ஆல்’ ஆல்பத்தின் ‘அனஸ்தீசியா’வுக்குப் போகலாம். பர்ட்டன் பேஸ் கிட்டாரை டிஸ்டார்ஷனில் போட்டுத் தனியாக வாசித்தது. பிற்பாதியில்தான் ட்ரம்ஸ் சேரும். தொடக்கத்தில் ஒலிப்பதிவாளர் ‘பேஸ் தனி, முதல் முயற்சி’ என்று சொல்வதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பிறகு 1983 டிசம்பரில் வந்த ஸ்லேயரின் முதல் ஆல்பம், 1984 ஜனவரியில் வந்த ஆந்த்ராக்ஸின் முதல் ஆல்பம், 1985இல் வெளியான எக்ஸோடஸின் முதல் ஆல்பம். கடைசியாகச் சொன்னது ஹேமட் விட்டுவந்த குழு. அவரில்லாமல் அவர்கள் செய்ததைத்தான் த்ராஷ் ரசிகர்களில் ஒரு பிரிவினர் ‘கில் எம் ஆல்’ ஆல்பத்துக்கும் மேலே வைக்கிறார்கள். அந்தச் சண்டையில் நீங்களும் சேர வேண்டுமானால், முதல் தடவை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு ஸ்னேர் தட்டில் விழுகிறதா, இரு தட்டுகளுக்கு நடுவில் விழுகிறதா என்று மட்டும் எண்ணிக்கொண்டு போங்கள்.